யார் செய்த பாவம்?

ஆறு வயதுச் சிறுவன் ஒருவனைத் தம்மோடு அழைத்துச் செல்லும் பொருட்டுப் படை அதிகாரி ஒருவர் அவனது இல்லத்திற்கு வருகிறார். வலுக்கட்டாயமாக இழுத்துச் செல்லவும் அவருக்கு உரிமையுண்டு. அச்சிறுவன் பிறப்பதற்கு அரசு அனுமதி அளித்தபோதே, தேவைப்படின் அவனை ஒப்படைத்து விடுவதாகப் பெற்றோர் எழுதிக் கொடுத்திருக்கின்றனர். ஆயினும் அவன் தானே விரும்பி வரவேண்டும் என்பது அதிகாரியின் எண்ணம். ஆகவே இனிய சொற்களால் பேசுகிறார். சில உண்மைகளையும் மறைக்காமல் கூறுகிறார். தாயை இனிப் பல ஆண்டுகள் காண இயலாது என்கிறார். சிறுவன் சிந்திக்கிறான், இறுதியில் "வருகிறேன்" என்கிறான்.

இவ்வாறு ஆறு வயதுப் பாலகனிடமிருந்து பெறப்பட்ட சம்மதத்தின் மேல்தான் 'எண்டர்ஸ் கேம்' என்னும் ஆங்கில விஞ்ஞானப் புதினம் கட்டப்பட்டுள்ளது. 'எண்டரின் ஆட்டம்' என நாம் இதனைத் தமிழிற் கூறலாம். ஆசிரியர் ஆர்சன் ஸ்காட் கார்டு, அமெரிக்கர், மோர்மன் சபையைச் சேர்ந்தவர், இளமையில் பிரேசில் நாட்டில் அச்சபையின் போதகப் பணியாளராய் இருந்தவர். 1977 இல் 'அனலாக்' என்னும் இதழில் ஒரு நெடுங்கதையாக வெளிவந்து, 1985 இல் முழுப் புதினமாக விரிவடைந்த இந்நூல், விஞ்ஞானப் புனைகதைகளுக்கென வழங்கப்படும் நெபுலா, ஹியூகோ ஆகிய இருபெரும் பரிசுகளையும் பெற்றது. 2013 இல் திரைப்படமாகவும் வந்தது. அமெரிக்க மரீன் படையினர் படிக்கவேண்டிய நூல்களின் பட்டியலிலும் இது இடம்பெற்றிருந்தது என்பது சற்றே நின்று சிந்திக்கத்தக்க செய்தியாகும்.

கத்தோலிக்கக் குடும்பங்களின் இதழில் இந்நூலைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர் சிலர் வினவக்கூடும். ஆங்கில நூல்களைப் படிக்கும் நம் இளைஞர் பலர் இதனை அறிந்திருக்கின்றனர் என்பது ஒரு காரணம். குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நாள்களில் ஆசிரியரும் மாணவரும் மணிக்கணக்காக வாதிட்ட ஒரு கேள்வியை இந்நூல் ஒரு சிறுவனின் வாழ்வாக நம்முன் நிறுத்துகிறது என்பது மற்றொரு காரணம்.

கதை வருங்காலத்தில் நிகழ்கிறது. பூச்சிகளை ஒத்த உருவமுடைய ஓர் அயல் உலக இனம் பூமியின்மேல் இருமுறை படையெடுத்து, இரண்டாம் முறை அரிதின் முறியடிக்கப்பட்டது. மூன்றாம் போருக்கு ஆயத்தமாகும் அரசுகள், அறிவிற் சிறந்த குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, வானவெளியில் சுழலும் போர்ப் பள்ளி ஒன்றில் பயிற்றுவிக்கின்றன. மக்கட்பெருக்கத்தைக் கட்டுப்படுத்த, ஒரு குடும்பத்திற்கு இரு குழந்தைகளே என்பது சட்டம். நம் சிறுவன் ஆண்ட்ரு விக்கின் - எண்டர் என அழைக்கப்படுபவன் - சிறப்பு அனுமதியால் பிறந்த மூன்றாம் பிள்ளை. "மூன்றாமவன்" என்பதே பள்ளியில் அவனை ஏசும் சொல்லாகிறது. சீன நாட்டில் ஒரு குழந்தைச் சட்டம் 1980 வாக்கில் நடைமுறைக்கு வந்து 2015 இறுதி வரை நீடித்ததை நினைவுகூரும் நமக்கு, இது வெறுங்கற்பனை என்று தள்ளிவிடக் கூடியதன்று.

இவ்விடத்தில் நம் வாசகருக்கெனவே எழுதப்பட்டது போன்ற ஒரு செய்தி வருகிறது. எண்டரின் தந்தை போலந்து நாட்டுக் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் ஒன்பது பிள்ளைகளுள் ஏழாமவராய்ப் பிறந்தவர். ஜான் பால் என்பது அவருடைய திருமுழுக்குப் பெயர். சட்டத்தை மீறிய பெரிய குடும்பத்துப் பிள்ளை என்ற இழிவைத் தாங்க மாட்டாமல், பதினாறு வயதில் குடும்பத்தையும் பெயரையும் திருமறையையும் துறந்து வெளியேறினார். எனினும், தமக்குப் பிறந்த மூன்று குழந்தைகளுக்கும் பேதுரு, வாலன்டைன், அந்திரேயா எனப் புனிதர்களின் பெயர்களையே சூட்டினார். ஒவ்வொரு குழந்தையையும் வீட்டுக்குக் கொண்டுவந்த உடனே, யாரும் அறியாமல் தாமே திருமுழுக்கு அளித்தார். தாயோ மோர்மன் மரபில் வந்தவர். அது பற்றி இருவருக்குள்ளும் ஒவ்வொரு முறையும் பூசல் நிகழ்ந்ததாம். இவ்வளவையும் எண்டருக்குச் சொல்பவர் தந்தையல்லர். அழைத்துச் செல்ல வந்த கர்னல் கிராஃப் என்னும் அதிகாரி! தன் தந்தை மறைவாகத் தன் தலைமேல் ஊற்றிய தண்ணீரைப் பற்றி, தன்னை அவரிடமிருந்து பிரிக்க வந்தவனின் வாயாற் கேட்கிறான் மகன். விசுவாசத்தை ஒளித்து வைத்த தந்தையால், மகனைத் தரமாட்டேன் என்று ஒரு சொல் சொல்ல இயலவில்லை. ஆசிரியர் இச்செய்தியை ஒரு பக்க அளவிலேயே கூறிக் கடந்து போகிறார். நாம் அவ்வளவு விரைவிற் கடக்க இயலாமல் அங்கேயே நின்றோம்.

போர்ப் பள்ளியின் முறை கொடியது; ஆனால் அங்கே அடியில்லை, பட்டினியில்லை. கொடுமை வேறு வகையானது. விண்கலம் புறப்பட்ட முதல் நாளிலேயே, மற்றச் சிறுவர் அனைவரும் கேட்க, இவன் ஒருவனே அறிவாளி என்று கர்னல் புகழ்கிறார். புகழ்ந்த நோக்கம் என்ன? மற்றவர் அவனை வெறுக்க வேண்டும்; அவன் தனியனாக வேண்டும்; என்ன நேர்ந்தாலும் பெரியவர் எவரும் தன் உதவிக்கு வரமாட்டார் என்பதை அவன் மனத்தில் ஆழப் பதித்துக்கொள்ள வேண்டும். இதுவே அப்பள்ளியின் முதற் பாடம். ஒவ்வோர் அதிகாரத்தின் தொடக்கத்திலும் அதிகாரிகள் தம்முள் பேசிக்கொள்வதை ஆசிரியர் நமக்குக் கேட்கச் செய்கிறார். அவர்கள் அரக்கர் அல்லர். பையனிடம் அவர்களுக்குப் பரிவும் உண்டு. பரிவோடேயே அவனை முறிக்கிறார்கள்.

எடையற்ற வெளியில் குழந்தைகள் அணியணியாய் மோதும் போர்க்கூடத்தைப் பற்றிய பகுதிகள் மிக விறுவிறுப்பானவை. மேல், கீழ் என்பதே இல்லாத அவ்விடத்தில், எதிரியின் வாயிலையே 'கீழ்' என்று எண்டர் வைத்துக்கொள்கிறான். அந்த ஓர் எண்ணத்தால் வெற்றிமேல் வெற்றி பெறுகிறான். இளைஞர் இந்நூலை விரும்பிப் படிப்பது பெரிதும் இப்பகுதிகளுக்காகவே என்பது நம் கணிப்பு. அதில் தவறொன்றுமில்லை, நாமும் அவற்றை ஓரே மூச்சிற் படித்தோம்.

ஆனால் போன்சோ என்னும் ஸ்பானிய மாணவன் பொறாமையால் எண்டரைக் குளியலறையில் தாக்க வருவதை அதிகாரிகள் முன்னரே அறிந்திருந்தும் தடுக்கவில்லை. எண்டர் தன்னைக் காத்துக்கொள்ளப் போராடுகிறான், போன்சோ இறந்துபடுகிறான். அவன் இறந்ததை எண்டருக்கு எவரும் சொல்வதில்லை. பூமியில் ஆறு வயதில் பள்ளித் தோழன் ஒருவனைக் கீழே வீழ்த்தி மேலும் மேலும் உதைத்தானே, அவனும் இறந்துவிட்டான், அதுவும் மறைக்கப்படுகிறது. மனமொடிந்து இனிப் போரிட மாட்டேன் என்று சிறுவன் முரண்டியபோது, அவன் உயிரினும் மேலாக நேசிக்கும் தமக்கை வாலன்டைனை அழைத்து வந்து அவள் வாயாலேயே அவனை இசையச் செய்கிறார்கள். அன்பே அவனைக் கட்டும் கயிறாகிறது. நூலில் நம்மை மிகவும் வருத்திய இடம் இதுவே. கொலை நிகழும் இடங்கள்கூட இவ்வளவு வருத்தவில்லை.

இனி முடிவுக்கு வருவோம். நூலைப் படிக்க எண்ணுவோர் இப்பத்தியைத் தாண்டிச் செல்லலாம். ஏரோஸ் என்னும் குறுங்கோளில், பழைய போரின் வீரரான மேசர் ராக்கம் என்பவர் எண்டருக்கு ஆசானாகிறார். கணிப்பொறித் திரையில் போலிப் போர்கள் நாள்தோறும் நடைபெறுகின்றன. சோர்வும் கெட்ட கனவுகளும் சிறுவனை வதைக்கின்றன. இறுதித் தேர்வு என்று சொல்லப்பட்ட நாளில், எண்ணற்ற பகைக் கலங்கள் சூழ்ந்த ஒரு கோளின் முன்னே மிகச் சிறிய படையோடு அவன் நிறுத்தப்படுகிறான். இது நேர்மையான தேர்வன்று என்று அவனுக்குச் சினம் மூள்கிறது. விதிகளையெல்லாம் வெளிப்படையாக மீறிவிட்டால், இத்தகையவனைத் தளபதியாக்குவது ஆபத்து என்று தன்னை விட்டுவிடுவார்கள் என எண்ணுகிறான். எண்ணி, கோள் முழுவதையும் அழிக்கும் ஆயுதத்தை ஏவுகிறான். திரையில் கோள் சிதறுகிறது. சுற்றி நின்ற பெரியவர்கள் அழுகிறார்கள், செபிக்கிறார்கள், அவனைத் தழுவுகிறார்கள். பிறகே உண்மை சொல்லப்படுகிறது: ராக்கம் வந்த நாள்முதல் அவன் நடத்தியவை ஆட்டங்கள் அல்ல, தொலைதூரத்தில் மெய்யான மனிதர் செலுத்திய மெய்யான கலங்கள். அழிந்தது ஓர் இனம். அவனுக்கு அப்போது சுமார் 11 வயது.

ஏன் பொய் சொன்னீர்கள் என்ற கேள்விக்குப் பெரியவர்கள் கூறும் விடையில் நூலின் உயிர் இருக்கிறது. எதிரியின் உள்ளத்தை உணரத்தக்க இரக்கம் படைத்தவனே எதிரியை வெல்ல முடியும். ஆனால் அத்தகைய இரக்கமுள்ளவன், உண்மை தெரிந்தால் கொல்லமாட்டான். ஆதலால் அவர்களுக்கு அவனுடைய இரக்கமும் வேண்டியிருந்தது. அவனுடைய அறியாமையும் வேண்டியிருந்தது. 'மாட்டேன்' என்று அவன் செய்த ஒரே கலகத்தையும் அவர்கள் 'ஆம்' ஆக்கிக்கொண்டார்கள்.

அப்படியாயின் இப்பாவம் யாருடையது? சாவான பாவத்திற்கு மூன்று வேண்டும் என்று முதல் நன்மைக்கு ஆயத்தம் செய்யும் சிறுவரும் சொல்வர்: கனமான காரியம், முழு அறிவு, முழு மனச் சம்மதம். இங்கே காரியத்தின் கனத்திற்கு அளவேயில்லை. ஆனால் அறிவும் சம்மதமும் அவனிடமிருந்து திருடப்பட்டன. ஏழு வயது நிறையாத குழந்தையைத் தன் செயலுக்குப் பொறுப்பற்றவனாகவே கருத வேண்டும் என்பது 1983 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு. 16 வயது நிறையாதவனுக்குச் சபைத் தண்டனை கிடையாது என்பதும் அதே சட்டம். தனக்கு நேர்ந்த அறியாமையைத் தானாக வெல்ல இயலாதவன் அதனாற் குற்றவாளியாகான் என்பது பழைய போதனை. ஆனால் அவ்வறியாமையை வேண்டுமென்றே உண்டாக்கியவன் நிலை என்ன? முழு நகரங்களையும் அவற்றின் மக்களோடு வேறுபாடின்றி அழிக்கும் போர்ச்செயலை, 1965 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கடவுளுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றமெனக் கண்டித்தது. அக்குற்றத்தைத் தாம் செய்யக் கூசி, ஒரு குழந்தையின் விரலாற் செய்வித்தவர்கள், குற்றத்தோடு இன்னொன்றையும் சேர்த்துக் கொண்டார்கள். சிறியோருக்கு இடறலாய் இருப்பவனைப் பற்றி ஆண்டவர் பேசியபோது எந்திரக்கல்லைக் குறிப்பிட்டதை நம் வாசகர் அறிவர்.

கர்னல் கிராஃப் பின்னர் படை நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டு விடுதலையாகி, அமைச்சர் பதவியும் பெறுகிறார். ஆசிரியர் இதைக் குத்தலாக எழுதினாரா, ஒப்புதலோடு எழுதினாரா என்பதை நம்மால் துணிய முடியவில்லை. இந்நூலின்மேல் நமக்குள்ள குறையும் இதுவேயாகும். தன் நாயகன் கொல்லவும் வேண்டும், கறைபடாமல் இருக்கவும் வேண்டும் என்று ஆசிரியர் தராசைச் சாய்த்துப் பிடிக்கிறார். ஜான் கெசல் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 2004 இல் எழுதிய கட்டுரையொன்றில் இக்குற்றச்சாட்டை விரிவாக எடுத்துரைத்தார். நாம் பெரிதும் அவர் பக்கமே. கீழே விழுந்துவிட்ட தோழனை எண்டர் மீண்டும் உதைத்தது தற்காப்பு அன்று. இனி ஒருவரும் தன்னை நெருங்கக் கூடாது என்று கணக்கிட்டே உதைத்தான். வயது அவனை மன்னிக்கலாம். நோக்கம் நல்லதாயிருந்தால் செய்ததெல்லாம் தூயதாகும் என்று நம் இளைஞர் இந்நூலிலிருந்து கற்றுக்கொள்வாராயின், அது நமக்கு உடன்பாடானதன்று.

இவை கதையில் மட்டுமே நிகழ்பவை என்று எண்ணிவிட வேண்டா. ஜெர்மனியில் இளங்குருமட மாணவர்களோடு சேர்த்து 1943 இல் விமான எதிர்ப்புப் பீரங்கிப் படைக்கு அழைக்கப்பட்ட 16 வயதுச் சிறுவன் ஒருவன், பின்னாளில் திருத்தந்தை 16 ஆம் பெனடிக்ட் ஆனார். இலங்கைப் போரிலும் சிறார் ஆயுதம் ஏந்த வைக்கப்பட்டதை ஐக்கிய நாடுகள் அவையின் அறிக்கைகள் பதிவு செய்துள்ளன. அப்பிள்ளைகளைத் தேடிய தாய்மார் அழுததும் நம் மொழியில்தான்.

ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டில், 'ஆண்டவரின் எதிர்ப்புப் படை' என்று ஆண்டவர் பெயரையே தாங்கிய கிளர்ச்சிக் கூட்டம், ஆயிரக்கணக்கான சிறார்களைக் கடத்திச் சென்று கொலைத்தொழில் பழக்கியது. 1996 அக்டோபர் 10 ஆம் நாள் விடியுமுன், அபோகே என்னுமிடத்திலுள்ள புனித மரியன்னை பெண்கள் பள்ளியினுள் புகுந்து 139 மாணவியரை அவர்கள் பிடித்துச் சென்றனர். அப்பள்ளியின் துணைத் தலைமையாசிரியை, கொம்போனி சபையின் இத்தாலியக் கன்னியர் ரக்கேலே பாசேரா, ஓர் ஆசிரியரை மட்டும் துணையாகக் கொண்டு காட்டினுள் அவர்களைப் பின்தொடர்ந்து நடந்தார். கூட்டத்தை எட்டிப் பிடித்தார். மன்றாடினார். 109 மாணவியரைத் திரும்பக் கொடுத்த தலைவன், 30 பேரைத் தான் வைத்துக்கொள்வதாகக் கூறிவிட்டான். அந்த 30 பேரையும் விட்டுவிட்டு மற்றவரோடு திரும்பி நடந்த அச்சகோதரியின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்! அவர்களுட் பலர் பல ஆண்டுகளுக்குப் பின் தப்பி வந்தனர், சிலர் வரவேயில்லை. என்ன நேர்ந்தாலும் பெரியவர் எவரும் வரமாட்டார் என்பது போர்ப் பள்ளியின் முதற் பாடம் என்று கண்டோமல்லவா? அபோகே மாணவியருக்கு ஒருவர் வந்தார்.

அதே கூட்டத்தால், பள்ளிக்குச் செல்லும் வழியில் ஏறத்தாழ ஒன்பது வயதில் கடத்தப்பட்டவன் டொமினிக் ஓங்வென். அவனைத் தேடி அவ்வாறு சென்று மீட்டவர் எவருமிலர். அவன் வளர்ந்தான், படைத்தலைவரில் ஒருவனானான், தனக்குச் செய்யப்பட்டதைப் பிறர் குழந்தைகளுக்குச் செய்தான். எண்டரும், தன் அணியில் சேர்ந்த பீன் என்னும் சின்னஞ்சிறு பையனைக் கர்னல் தன்னை நடத்திய விதமாகவே நடத்துவதைத் தானே உணர்ந்து திகைக்கும் ஒரு காட்சி நூலில் உண்டு. ஹேக் நகரின் அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் ஓங்வெனை 61 குற்றங்களுக்குப் பொறுப்பாளியெனத் தீர்த்தது. 15 வயதுக்குட்பட்ட சிறாரைப் படையிற் சேர்த்ததும் அவற்றுள் ஒன்று. அதே ஆண்டு மே மாதத்தில் 25 ஆண்டுச் சிறை விதித்தது. அவன் குழந்தையாய்க் கடத்தப்பட்டவன் என்பதை எடையிட்டே ஆயுள் தண்டனையை நீதிபதிகள் தவிர்த்தனர். ஆனால் வளர்ந்தபின் செய்தவற்றுக்கு அது விடுதலை தராது என்றனர். 2022 டிசம்பரில் மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நிலைத்தது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் ஆண்டுக்கணக்காய் அமர்ந்தவர்களாகிய நமக்கு, அந்நீதிபதிகளின் இக்கட்டு ஓரளவு விளங்குகிறது.

புதினத்தின் எண்டருக்கு நீதிமன்றம் இல்லை. உலகம் அவனை மீட்பன் என்று கொண்டாடியது; உன் குற்றம் ஏதுமில்லை என்று அருகிலிருந்தோர் தேற்றினர். அவன் தேறவில்லை. குற்றமற்றவனாயினும், நிகழ்ந்த கேட்டுக்குப் பரிகாரம் தன் கையிலேயே இருப்பதாக உணர்கிறான். வேறோர் உலகில், அழிந்த இனத்தார் அவனுக்கெனவே விட்டுச் சென்ற ஓர் அரசிப் பூச்சியின் கூட்டைக் கண்டெடுக்கிறான். மனிதரும் சிந்திக்கும் உயிர்கள் என்பதை அவ்வினத்தார் முதலில் அறியவில்லை. அறிந்தபின் அவர்கள் மீண்டும் படையெடுக்க எண்ணவேயில்லை என்ற உண்மை அங்கே அவனுக்குத் தெரிகிறது. இறந்துபோன அவ்வினத்தின் சார்பில் அவர்கள் கதையைப் பெயர் குறிப்பிடாமல் எழுதுகிறான். உலகம் அந்நூலைப் படித்து, அழித்தவனைச் சபிக்கத் தொடங்குகிறது. எழுதியவனும் அழித்தவனும் ஒருவனே என்பதை எவரும் அறியார்.

1986 இல் வெளிவந்த தொடர்ச்சி நூலாகிய 'ஸ்பீக்கர் ஃபார் தி டெட்', நம் கருத்தில் முதல் நூலினும் சிறந்தது. அதுவும் அவ்விரு பரிசுகளையும் பெற்றது. அதனைப் படிக்கும் நம் வாசகர் வியப்படைவர். ஏனெனில் கதை நிகழும் லூசித்தானியா என்னும் கோளில் வாழ்வோர் போர்த்துக்கீசிய மொழி பேசும் கத்தோலிக்கர். அங்கே ஆலயமும் ஆயரும் துறவு மடமும் உண்டு. மூவாயிரம் ஆண்டுகளுக்குப் பின் - விண்கலத்தின் வேகத்தால் அவனுக்கு இன்னும் நடுவயது தானும் ஆகவில்லை - கூட்டினைக் கையிலேந்தியவனாக எண்டர் அங்கே வந்திறங்குகிறான். அவனோடு பேசவேண்டா என்று ஆயர் பெரகிரினோ தம் மந்தையை எச்சரிக்கிறார். ஆயரின் எச்சரிக்கை வெகுநாள் நீடிக்கவில்லை. அம்மக்களின் பிணக்குகளைத் தீர்க்க உதவியபின், அக்கோளின் ஆற்றங்கரையோரத்தில் தகுந்ததோர் இடம் பார்த்து, எண்டர் கூட்டைக் கீழே வைக்கிறான்.